வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி

சைட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம், "எம்20 கான்கிரீட், ப்ராப்பர் கியூரிங் மஸ்ட்" என்று நம்மில் பலர் அடுக்குவோம். அவரும் தலையாட்டுவார். (எம்20 ஒன்றும் சிதம்பர ரகசியமில்லை, 28 நாள் கழித்து ஒரு சதுர மில்லிமீட்டரில் 20 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 கிலோ எடை தாங்க வேண்டும். அவ்வளவுதான்!) ஆனால் நாம் கிளம்பிய பிறகு தளத்துக்குத் தண்ணீர் விடப் போகிறவர் அவர்தானே?

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐயா, சிமெண்டு இறுகறதுக்கே தண்ணி வேணும். தளத்து மேல பாத்தி கட்டி 7 நாளாவது தண்ணி நிக்கணும். நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டுன்னா 10 நாள். நடுவுல காஞ்சா வெடிப்பு விடும், பலமும் குறையும்."

இப்போது வெறுமனே தலையாட்ட மாட்டார். "கிணத்துல தண்ணி கம்மி தம்பி, லாரிக்குச் சொல்லிடட்டுமா?" என்பார். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாளே அந்தக் கேள்வி வந்துவிட வேண்டும்.