காரைக்கால் போர்வெல்லில் உப்பு: இன்றைய கடலா, பழைய கடலா?

போர்வெல் தண்ணி உப்புக் கரித்தால் நாம என்ன செய்வோம்? டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்ப்போம். அப்புறம் ஆர்.ஓ. மெஷின் வாங்குவோம். எவ்வளவு உப்பு என்று மீட்டர் சொல்லிவிடும். அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. காவிரியின் கடைமடையில், கடலை ஒட்டி இருக்கும் காரைக்கால் மாதிரியான ஊருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

உப்பு வரும் வழிகள் என்னென்ன?

ஒன்று, நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சும்போது கடல்நீர் மண்ணுக்கு அடியில் உள்ளே நுழைவது. இரண்டு, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே வந்து விலகியபோது களிமண் அடுக்குகளுக்கு இடையே சிக்கிக்கொண்ட பழைய கடல் உப்பு. மூன்று, உப்பளம், இறால் குட்டை போன்ற இடங்களில் தேங்கி, வெயிலில் வற்றி, கீழே இறங்கிய தண்ணீர். நாக்குக்கு மூன்றும் ஒரே கரிப்புதான்.

ஐசோடோப்பு எப்படிக் கண்டுபிடிக்கும்?

தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் எல்லாம் ஒரே எடை இல்லை. பெரும்பாலானவை ஆக்சிஜன்-16. சுமார் 500-ல் ஒன்று மட்டும் ஆக்சிஜன்-18, கொஞ்சம் கனமானது. இரண்டுமே கதிரியக்கம் இல்லாத, நிலையான ஐசோடோப்புகள். தண்ணீர் ஆவியாகும்போது லேசானது முந்திக்கொண்டு கிளம்பும், கனமானது பின்தங்கும். அதனால் மழைநீரைவிடக் கடல்நீரில் ஆக்சிஜன்-18 சற்று அதிகம்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி இந்த விகிதத்தை ஆயிரத்தில் ஒரு பங்கைவிட நுட்பமாக அளக்கும். நிலவுப் பாறைகளில் உள்ள ஆக்சிஜன் பூமியுடையதைப் போலவே இருக்கிறது என்று காட்டியதும் இதே வகைக் கருவிதான்.

கடல்நீர் கலந்திருந்தால் உப்பும் ஆக்சிஜன்-18-ம் சேர்ந்தே ஏறும். மண்ணில் இருந்த உப்பு கரைந்திருந்தால் உப்பு மட்டும் ஏறும். மழைநீரில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒரு குறிப்பிட்ட கணக்கில் சேர்ந்தே மாறும் என்று ஹார்மன் கிரெய்க் 1961-ல் காட்டினார். அந்தக் கோட்டிலிருந்து விலகி நின்றால், அது வெயிலில் வற்றிய தண்ணீர்.

இது மட்டும் போதுமா?

போதாது. இரண்டு சிக்கல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு உண்டு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 250 மி.கி. அதாவது 2 சதவீதம் கடல்நீர் கலந்தாலே நல்ல தண்ணி கெட்டுவிடும். ஆனால் அவ்வளவு சின்னக் கலப்பில் ஆக்சிஜன் விகிதம் அசைவது மிகக் குறைவு. அடுத்தது, பழைய கடலும் கடல்தானே? அதை இன்றைய கடலிலிருந்து பிரிக்க வயது தெரிய வேண்டும்.

ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியைத்தான் காரைக்கால், தஞ்சாவூர் கடலோர நிலத்தடி நீரில் எடுத்துக்கொண்டார்கள். ‘ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜி’யில் 1996-ல் ஆய்வு வெளியானது. தண்ணீரின் வேதியியல், பழைய உயிரினங்கள் விட்டுச்சென்ற கரிமத் தடயங்கள், கார்பன்-14 வயதுக் கணிப்பு என மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். கார்பன்-14 நிலையானது இல்லை. சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். அதனால்தான் அது கடிகாரமாக உதவுகிறது.

தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

வைத்தியமே மாறும். இன்றைய கடல் என்றால், பம்பு ஓடும் நேரத்தைக் குறைத்து, குளம், வாய்க்காலில் நல்ல தண்ணீரைத் தேக்கினால் உப்பைத் தடுக்க வாய்ப்பு உண்டு. களிமண்ணுக்கு அடியில் சிக்கிய பழைய கடல் என்றால், மேலே தேக்கும் மழைநீர் அங்கே சீக்கிரம் போய்ச் சேராது. வேறு ஆழத்தில்தான் நல்ல நீரைத் தேட வேண்டும். குட்டையிலிருந்து இறங்கியது என்றால், குட்டை எங்கே அமையலாம் என்பதே பேச்சு. காரணம் தெரியாமல் இன்னும் 100 அடி இறக்கினால், காசு செலவழித்து உப்பைத் தேடிப் போவதாகவும் முடியலாம்.

நீங்க என்ன செய்யலாம்?

போர் எத்தனை அடி, எந்த ஆழத்தில் ஃபில்டர் பைப் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை தண்ணியைப் பரிசோதியுங்கள். டிடிஎஸ்ஸோடு குளோரைடு அளவையும் கேட்டு வாங்குங்கள். ஐசோடோப்பு ஆய்வுக்கு யாராவது மாதிரி கேட்டால், பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி இறுக மூடிக் கொடுங்கள். கொஞ்சம் ஆவியானால்கூட அந்தத் தண்ணியின் கதை மாறிவிடும்.