தண்ணீர் வைத்தால் மட்டும் கம்ப்யூட்டர் குளிராது
காற்றுப் போக்கு பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை



2017-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது முதல், கம்ப்யூட்டர் இல்லாமல் மொத்த வியாபாரம் நடத்துவது கடினமாகிவிட்டது. பில், இருப்பு, வரவு செலவு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. மாதாந்திரக் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கெடு நாட்கள். சித்திரை வெயிலில், அந்த நாள் பார்த்துப் பெட்டி சூடேறி நின்றுபோனால் ஏற்படும் நஷ்டம் தாமதக் கட்டணத்தோடு முடிவதில்லை.

இப்போது 'வாட்டர் கூலிங்' வைத்த கம்ப்யூட்டர்கள் சிறு ஊர்க் கடைகளிலும் விற்பனைக்கு வருகின்றன. கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள், பிளக்ஸ் டிசைன் போடுபவர்கள், பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இவற்றைக் கேட்டு வாங்குகிறார்கள். "தண்ணீர் இருக்கிறதே, இனிச் சூட்டுப் பயம் இல்லை" என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். உண்மை அதுவல்ல.

சூடு எங்கே போகிறது?

தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். பிராசஸரின் தலைமேல் ஒரு தகடு உட்கார்ந்திருக்கும். அதற்குள் ஓடும் திரவம் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியே ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய இதழ்களுக்கிடையே விசிறிக் காற்று பாய்ந்து அந்தச் சூட்டை வெளியேற்றுகிறது. ஒரு சிறு பம்ப் திரவத்தை மறுபடி சுற்றி அனுப்புகிறது. நம் லாரியிலும் ஜெனரேட்டரிலும் நடப்பது இதுவேதான். ரேடியேட்டரில் சோளத் தூசு அடைத்துக்கொண்டால், தண்ணீர் நிறைய இருந்தாலும் இன்ஜின் கொதிக்கும் என்பதை லாரி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதன் பெரிய வடிவம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சிராப்பள்ளி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022-ம் ஆண்டு மே மாதம் 25-ம் தேதி 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கி வைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் 19 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்தது. 838 டெராஃபிளாப் திறன் கொண்டது. பிராசஸரைத் தொட்டு ஓடும் திரவத்தால் நேரடியாகக் குளிர்விக்கும் முறை அதில் உள்ளது. மின் செலவு குறையும் என்பதே காரணம். ஒரே எடையுள்ள காற்றைப் போல நான்கு மடங்கு சூட்டைத் தண்ணீர் தாங்கும். எனவே சூட்டைச் சுமந்து செல்லத் தண்ணீர் நல்ல வாகனம்தான். ஆனால் எந்த வாகனத்துக்கும் சரக்கை இறக்க ஓர் இடம் வேண்டும். வீட்டிலும் கடையிலும் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்த இடம் நம் அறையின் காற்றுதான்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. அறைக் காற்று 40 டிகிரி என்றால், எவ்வளவு விலை கொடுத்த ரேடியேட்டரும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கீழே கொண்டுவர முடியாது. அதற்கு மேல் எத்தனை டிகிரியில் நிற்கும் என்பதைத்தான் விசிறியும் காற்றுப் போக்கும் தீர்மானிக்கின்றன. ஒரு கணக்குச் சொல்கிறோம். 200 வாட் சூட்டை வெளியேற்ற நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று ஓடினால், அந்தக் காற்று சுமார் 10 டிகிரி சூடாகி வெளிவரும். காற்று பாதியானால் 20 டிகிரி ஏறும்.

விசிறியின் திசை

களத்தில் தூற்றுபவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் முறத்தை எடுப்பார். இங்கும் அதுதான் முதல் வேலை. சாதாரண விசிறியில் மோட்டாரைத் தாங்கும் கைகள் தெரியும் பக்கமாகக் காற்று வெளிவரும். எதிர்ப்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும். தலைகீழாகச் செய்த இறக்கைகளும் சந்தையில் உண்டு. ஆகவே ஒரு துண்டு மெல்லிய தாளைக் காட்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஒரே ரேடியேட்டரில் ஒரு விசிறி உள்ளே தள்ள, மற்றொன்று வெளியே இழுக்கும்படி மாட்டிவிட்டால் இரண்டும் வீண்.

ரேடியேட்டரின் இதழ்கள் நெருக்கமானவை. எனவே அழுத்தத்தோடு தள்ளும் வகை விசிறி வேண்டும். 'ஸ்டேடிக் பிரஷர்' என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான். வெறும் வேகத்தை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.

ரேடியேட்டரை எங்கே மாட்டுவது?

முன்பக்கம் மாட்டி வெளிக்காற்றை உள்ளே இழுத்தால் பிராசஸருக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் ரேடியேட்டரைத் தாண்டிய சூடான காற்று பெட்டிக்குள் வரும். மேல்பக்கம் மாட்டி வெளியே தள்ளினால் மற்றப் பாகங்கள் குளிர்ச்சியாக இருக்கும். பிராசஸர் சில டிகிரி கூடும். பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ள பெட்டிக்குப் பொதுவாக மேல்பக்கம் ஏற்றது. அப்போது முன்பக்க விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்க விசிறி வெளியே தள்ள வேண்டும்.

இன்னொன்று முக்கியம். குழாய்க்குள் சிறிதளவு காற்றுக் குமிழ் எப்போதும் இருக்கும். அது உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த உயரமான இடம் பம்ப்பாக இருந்தால் சத்தம் வரும். பம்ப்பின் ஆயுளும் குறையும். எனவே ரேடியேட்டரின் மேல் முனை பம்ப்பை விட உயரத்தில் இருக்கவேண்டும். பெட்டியின் அடியில் ரேடியேட்டரை மாட்டுவது கூடாது.

நம் பகுதித் தூசு

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரித் தூசு. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளத் தூசும் பருத்திப் பஞ்சும். மளிகைக் கடை என்றால் மாவும் மிளகாய்த் தூளும் சேரும். இதற்கு வழி, உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளும் காற்றை விடச் சற்றுக் கூடுதலாக இருப்பது. உள்ளே வரும் வழிகளில் வலை வைப்பது. அப்போது இடுக்குகள் வழியே தூசு நுழையாது. மாதம் ஒருமுறை வலையையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேடியேட்டரையும் சுத்தம் செய்யவேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காற்று வரும் திசைக்கு எதிர்த் திசையில் ஊதவேண்டும்.

தாமே திரவம் ஊற்றும் வகையை வாங்குபவர்கள் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது; உப்புப் படிந்து அடைத்துவிடும். அதற்கென விற்கும் திரவத்தையே பயன்படுத்தவேண்டும்.

பெட்டி இருக்கும் இடம்

வெங்காயப் பட்டறை போடுபவர்கள் தரையிலிருந்து உயர்த்தி, அகலத்தைக் குறைத்து, இருபுறமும் காற்று புகும்படி அமைக்கிறார்கள். அதே கடைக்காரர் கம்ப்யூட்டரை மேஜை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்! 500 வாட் வாங்கும் பெட்டி என்பது ஐந்து 100 வாட் குண்டு பல்புகளை எரியவிட்டதற்குச் சமம். சூடு வெளியேற வழியில்லை என்றால், வெளியே போன காற்றையே பெட்டி திரும்ப இழுக்கும். சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து, அறைக்கு ஓர் எக்சாஸ்ட் விசிறி போடுவதில் கிடைக்கும் பலன், இரண்டாவது ரேடியேட்டர் வாங்கினாலும் கிடைக்காது.

யாருக்குத் தேவை?

பில் போடவும் கணக்கு எழுதவும் 65 வாட் வகைப் பிராசஸர் தாராளம். அதற்குச் சாதாரண விசிறிக் குளிர்விப்பானே போதும். அதில் கெட்டுப்போகக்கூடியது விசிறி ஒன்றுதான். தண்ணீர் முறையில் பம்ப் நின்றால் சில நிமிடங்களில் பிராசஸர் வேகத்தைக் குறைத்து, பிறகு தானே நின்றுவிடும். வீடியோ, டிசைன் வேலைக்கு 250 வாட் வரை வாங்கும் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் முறை பயன்படும்.

வாங்கும்போது பணம் கொடுக்குமுன் நான்கைக் கேட்டுப் பாருங்கள். விசிறிகள் எந்தத் திசையில் மாட்டப்பட்டுள்ளன? பம்ப் முழு வேகத்தில் ஓடும்படி இணைத்திருக்கிறார்களா? வலைகளைக் கழற்றிக் கழுவ முடியுமா? அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டால் வெப்பம் எங்கே நிற்கிறது? விற்கும் நம் உறுப்பினர்களும் இவற்றை வாடிக்கையாளருக்கு முன்னிலையில் காட்டிக் கொடுத்தால், கோடையில் பெட்டி திரும்பி வராது, பெயரும் கெடாது.

கணக்கை மட்டும் தினமும் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குளிர்விப்பானும் அதற்கு ஈடாகாது.