நத்தைத் தொட்டியும் நச்சு மருந்தும்

சென்ற ஐப்பசி மாதத்தில், ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்புச் சரிபார்க்கச் சென்றிருந்தேன். நூல் கட்டுகளை எண்ணி முடித்துப் பதிவேட்டில் கையொப்பமிடும் வேளையில், செயலாளரின் மகள் ஒரு கண்ணாடித் தொட்டியைச் சுமந்து வந்து மேசைமீது வைத்தாள். ஏழாம் வகுப்பு மாணவி. தொட்டியில் ஐந்து பெரிய நத்தைகள் இருந்தன. மழை நாட்களில் கொல்லைச் சுவரிலிருந்து எடுத்து வந்து, கீரையும் வெள்ளரிக்காயும் இட்டு வளர்த்து வருகிறாளாம்.

"ஐயா, நீங்கள் விலங்கியல் படித்தவர் என்று அப்பா சொன்னார். என் நத்தைகளின்மேல் வெள்ளைப் புழுதி நடக்கிறது; பாருங்கள்" என்றாள்.

அதற்குள் செயலாளர், நூல் கிடங்கில் கரப்பான் பூச்சிக்குத் தெளிக்கும் மருந்துக் குப்பியுடன் வந்துவிட்டார். "ஒரு முறை தெளித்தால் எல்லாம் ஒழிந்துவிடும், அம்மா" என்று மகளுக்குத் தைரியம் கூறினார். நான் அவர் கையைத் தடுக்க வேண்டியதாயிற்று. நத்தையின் உடல் போர்வையற்ற ஈர உடல். தெளித்த மருந்து மண்ணிலும் கண்ணாடியிலும் இலையிலும் படியும். அதன்மீதே அது ஊர வேண்டும். அதையே தின்னவும் வேண்டும். உப்பும் அதற்கு நஞ்சு. பயிருக்கு நாம் பயன்படுத்தும் மயில்துத்தமும் நஞ்சே. பகையை அழிக்கப் புகுந்து வளர்ப்புயிரையே அழிப்பது அறிவுடைமை ஆகாது.

தணிக்கையில் எங்களுக்கு ஒரு நெறி உண்டு. கணக்கில் காணும் வேறுபாடு ஒவ்வொன்றும் கையாடல் அன்று. முதலில் அது இன்னதெனத் தெளிய வேண்டும். நத்தைத் தொட்டிக்கும் இந்நெறி பொருந்தும். துணியில் இழை எண்ணும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, தொட்டியை ஆராய்ந்தோம். அதில் மூன்று வகை உயிர்கள் தென்பட்டன.

முதலாவது, மண்மீது தத்தித் தாவும் நுண்ணிய வெண்பூச்சிகள். இவற்றை வால்துள்ளிகள் என்பர். பூசணத்தையும் மக்கும் பொருளையும் தின்று தொட்டியைத் தூய்மை செய்பவை. இவற்றால் நத்தைக்குத் தீங்கில்லை.

இரண்டாவது, மூடியைத் திறந்ததும் எழுந்து பறந்த சிறு கருங்கொசுக்கள். இவை கடிப்பனவல்ல. ஈர மண்ணிலும் அழுகிய உணவிலும் முட்டையிடும். கருந்தலையும் கண்ணாடி போன்ற உடலும் கொண்ட இவற்றின் புழுக்கள் மண்ணில் வளரும். இவை தொல்லையே அன்றிப் பகையல்ல. மிகுதியாக நீர் தெளிப்பதும், மிஞ்சிய உணவை எடுக்காமல் விடுவதுமே இவற்றை வரவழைக்கும் காரணங்கள்.

மூன்றாவதே சிறுமி கண்ட வெள்ளைப் புழுதி. அது நத்தை உண்ணி. அரை மில்லிமீட்டருக்கும் சிறியது. மிக விரைவாக ஓடும். ஓட்டின் விளிம்பை ஒட்டி, வலப்புறத்தில் நத்தை மூச்சுவிடும் துளை ஒன்றுண்டு. அத்துளை திறக்கும்போது உண்ணிகள் உள்ளே நுழைவதையும் வெளிவருவதையும் கண்ணாடியில் தெளிவாகக் கண்டோம். நுரையீரல் அறையில் தங்கி, நத்தையின் இரத்தத்தை உண்டு, அங்கேயே முட்டையும் இடுகிறது இவ்வுயிர். ஒரு நத்தை மற்றொன்றை உரசும்போது எளிதில் பரவும். சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வுண்ணி பற்றிய நத்தைகளில் குளிர்கால உறக்கத்திலிருந்து பிழைத்து எழுந்தவை குறைவு.

நாங்கள் மேற்கொண்ட முறை பின்வருமாறு:

நத்தைகளைத் தனித்தனிக் கலங்களில் பிரித்தோம். மண் யாவற்றையும் அகற்றித் தொட்டியை வெந்நீரால் மட்டும் கழுவினோம், சோப்பு சேர்க்கவில்லை. கலத்தின் அடியில் ஈரக் காகிதம் விரித்து அதை நாள்தோறும் மாற்றுமாறு கூறினேன். ஒவ்வொரு நத்தையையும் தினந்தோறும் குளிர்ந்த நீரில், மென்மையான தூரிகையால், ஓட்டின் விளிம்போரம் மெல்லக் கழுவ வேண்டும். ஒருநாள் கழுவினால் போதாது. உள்ளே இட்ட முட்டைகள் பொரிந்து மீண்டும் உண்ணிகள் வெளிவரும். அவற்றின் வளர்ச்சி முழுமை பெற ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும் ஆதலின், நான்கு வாரம் விடாது செய்தல் அவசியம்.

கொசுவுக்கு மருந்து தேவையில்லை. உண்டு மிஞ்சியதை மறுநாள் காலையில் எடுத்துவிடுவதும், மேல்மண்ணைச் சற்றே உலரவிடுவதும் போதும். தோட்டக்காரர் அறிந்த மஞ்சள் ஒட்டுப்பொறியைத் தொட்டிக்கு வெளியே வைக்கலாம். உள்ளே வைத்தால் நத்தை ஒட்டிக்கொள்ளும். செயலாளர் தறியில் மிஞ்சிய மெல்லிய துணித் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அதை மூடியின் கீழே இறுகக் கட்டியதில் காற்று புகுந்தது, கொசு புகவில்லை. எறும்பு வராதிருக்க, தொட்டியைத் தாங்கும் பலகையின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம்.

பணி முடிந்தது என்று எண்ணியபோதுதான் மற்றோர் ஆபத்தைக் கண்டேன். அகற்றிய மண்ணைச் செயலாளர் பக்கத்துக் கத்தரித் தோட்டத்து எருக்குழியில் கொட்டப் புறப்பட்டார். அத்தோட்டம் நம் இயக்கத்தின் மற்றோர் உறுப்பினருக்கு உரியது. மண்ணைக் கிளறிப் பார்த்ததில், மிளகளவான வெளிர்மஞ்சள் முட்டைகள் கொத்தாகக் கிடந்தன. அவள் வளர்த்தவை ஆப்பிரிக்க இராட்சத நத்தைகள். இவ்வினத்தை 1847-இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீசியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். விருப்பத்துக்காகக் கொணர்ந்த அவ்வுயிர் இன்று உழவரின் பெரும்பகைகளுள் ஒன்று. ஒரே முறையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. அந்த ஒரு கூடை மண், அண்டை வீட்டாரின் கத்தரிக்கும் கீரைக்கும் எமனாகியிருக்கும்.

ஆகையால் முட்டைகளை நசுக்கி, மண் முழுவதிலும் கொதிநீர் ஊற்றி, ஆறிய பின்னரே குழியில் இட்டோம். புதிதாக இடுவதற்குத் தென்னை நார்க் கழிவைக் கொதிநீரில் நனைத்துப் பிழிந்து கொண்டோம். நத்தையையோ முட்டையையோ ஒருபோதும் வெளியே விடலாகாது என்று சிறுமியிடம் உறுதி வாங்கினேன். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவவும் சொன்னேன். எலிகளின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் இந்நத்தையில் இருக்கக்கூடும். அவை மனிதர் உடலில் புகுந்தால் மூளையுறை நோய் உண்டாகும்.

மார்கழியில் மீண்டும் சென்றேன். ஒரு நத்தை இறந்துவிட்டது. நான்கு நலமாக இருந்தன. சிறுமி ஒரு குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நத்தைமீதும் கண்ட உண்ணிகளின் எண்ணிக்கையைக் கோடிட்டு எழுதியிருந்தாள். முதல் நாள் நாற்பத்தொன்று; கடைசிப் பத்து நாட்களிலும் சுழியம். இறந்ததன் பெயருக்கு எதிரே "நான் தாமதமாகக் கவனித்தேன்" என்று எழுதியிருந்தாள்.

சங்கத்தின் பதிவேடுகளில் அன்று கையொப்பமிட்டதுபோல், அக்குறிப்பேட்டின் அடியிலும் தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். மருந்துக் குப்பி நூல் கிடங்கின் அலமாரியில், பூட்டிய நிலையில் இருந்தது.