வைஃபை சரியில்லை என்கிறார்களே, வாங்கலாமா?

கல்லூரிக்குச் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும். பல மாதங்களாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. விலை, நினைவகம், திரை எல்லாம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் ஆகிவிட்டது. அந்த நேரத்தில், "அந்த மாடலில் வைஃபை அடிக்கடி அறுந்து போகிறதாம்" என்று ஒருவர் சொல்கிறார். விசாரித்தால் இன்னும் நாலு பேர் அதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். கை பின்வாங்குகிறது. வாங்கலாமா, வேண்டாமா?

திரை மங்கலாக இருந்தால் குறை திரையில்தான் இருக்கும். ஓர் எழுத்து அழுந்தவில்லை என்றால் குறை அந்த விசையில்தான். ஆனால் கம்பியில்லா இணைப்பு அறுந்தால், குறை மூன்று இடங்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அலை கடந்து வரும் வெளியில் இருக்கலாம். கணினிக்குள் உள்ள ஆண்டெனாவிலும் வைஃபை அட்டையிலும் இருக்கலாம். அவற்றை இயக்கும் மென்பொருளில் இருக்கலாம். எங்கே என்று தெரிந்தால்தான் நமது தயக்கம் நியாயமானதா என்று முடிவு செய்ய முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு சிறிய திறன்!

வைஃபை என்பது அடிப்படையில் வானொலிதான். 1997-இல் 802.11 என்ற எண்ணுடன் இதற்கான முதல் தர வரையறை வெளிவந்தது. 1999-இல் வைஃபை என்ற பெயர் ஏற்பட்டது. பெரும்பாலான வீடுகளில் இது 2.4 கிகா ஹெர்ட்ஸ், 5 கிகா ஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் இயங்குகிறது. ஒளியின் வேகமான வினாடிக்கு 30 கோடி மீட்டரை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். முதல் பட்டைக்கு அது சுமார் 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதற்குச் சுமார் 6 சென்டிமீட்டர்.

வீட்டிலுள்ள ரூட்டர் 0.1 வாட் திறனை வெளியிடுகிறது என்று கொள்வோம். இது 10 வாட் விளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளும் திறனில் நூற்றில் ஒரு பங்கு. இத்திறன் எல்லாப் பக்கமும் பரவுவதால், தடையே இல்லாத வெளியில்கூட 10 மீட்டர் தொலைவிலுள்ள மடிக்கணினியின் ஆண்டெனா இதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது. இடையே கனமான சுவர் ஒன்று வந்தால் அதுவும் பத்தில் ஒரு பங்காகக் குறையலாம். இரண்டு சுவர்கள் என்றால் பத்துக் கோடியில் ஒரு பங்கு! வியப்பு என்னவென்றால், இந்தத் துளித் திறனைக் கொண்டே கணினி தடையின்றிப் படம் காட்டுகிறது.

கைப்பேசியிலுள்ள வைஃபை அளக்கும் செயலிகள் இந்தத் திறனை டி.பி.எம். என்ற அலகில் காட்டும். ஒரு மில்லிவாட் என்பது அங்கே சுழி. பத்துப் படி இறங்கினால் திறன் பத்தில் ஒரு பங்கு. இருபது படி இறங்கினால் நூற்றில் ஒரு பங்கு. நாம் கணக்கிட்ட இரண்டு சுவர் நிலை, −60 என்று வரும். −50 மிக நன்று, −70 சுமார், −80-க்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடும். ஆகவே, "இணைப்பு அறுகிறது" என்று ஒருவர் சொன்னால், "எத்தனை சுவருக்கு அப்பால்?" என்பதே நமது முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நாலு விரல் அகலத்தில் நடக்கும் மாயம்

ரூட்டரிலிருந்து வரும் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவர், இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி ஆகியவற்றில் பட்டு எதிரொளித்தும் வருகிறது. பல வழிகளில் வந்த அலைகள் ஓரிடத்தில் சந்திக்கும்போது, முகடும் முகடும் சேர்ந்தால் வலுவடையும். முகடும் அகடும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். பள்ளிப் பாடத்தில் படித்த குறுக்கீட்டு விளைவு இதுவே. வலுவான இடத்துக்கும் நலிந்த இடத்துக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் இருக்கும். மடிக்கணினியை நாலு விரல் அகலம் நகர்த்தினாலே அளவு சட்டென்று மாறுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இந்த எதிரொளிப்புகள் வேறொரு தொல்லையும் தரும். பெரிய கூடத்தில் வேகமாகப் பேசினால் முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லோடு கலந்து குழப்பும். ஆனால் பலர் ஆளுக்கொரு சுருதியில், ஒவ்வொருவரும் நிதானமாகச் சொன்னால், எதிரொலி அடங்கிய பிறகே அடுத்த சொல் வரும். மொத்தச் செய்தியும் குறையாது. தகவலைப் பல அதிர்வெண்களில் பிரித்து அனுப்பும் இத்தகைய முறையை உருவாக்கியவர்களில், ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன் குழுவினர் முக்கியமானவர்கள். இதற்கு 1996-இல் அவர்கள் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். ஓ'சல்லிவன் ஒரு ரேடியோ வானியல் அறிஞர். வெடித்து மறையும் சிறு கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய அலைகளைத் தேடியபோது பெற்ற கணித அனுபவமே வீட்டுக்குள் வரும் வைஃபைக்கும் உதவியது!

அக்கம்பக்கத்துச் சத்தம்

2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டை ஒரு பொதுச்சந்தை போன்றது. இதில் பதின்மூன்று தடங்கள் இருந்தாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றோடொன்று மோதாமல் பயன்படக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரூட்டர்கள் இந்த மூன்றையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். புளூடூத் கருவிகளும் இதே பட்டையில்தான் பேசுகின்றன. நுண்ணலை அடுப்பும் 2.45 கிகா ஹெர்ட்ஸில் இயங்குவது. அதிலிருந்து கசியும் சிறு அளவே பக்கத்திலுள்ள வைஃபைக்குப் பேரிரைச்சல்.

எதிர்பாராத இன்னொரு எதிரி மடிக்கணினியின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. யு.எஸ்.பி. 3.0 இணைப்பு வேலை செய்யும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகா ஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கியது. கணினியோடு வெளி வட்டு ஒன்றைச் செருகியதும் வைஃபை மந்தமானால், கணினியைக் குறை கூறுமுன் அந்த வட்டைக் கழற்றிப் பாருங்கள். 5 கிகா ஹெர்ட்ஸ் பட்டைக்கு மாறினாலும் இத்தொல்லை பெரும்பாலும் அகலும். ஆனால் அந்தப் பட்டை சுவர்களைக் கடப்பதில் சற்று நலிந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெட்டிக்குள்ளே

இதுவரை சொன்ன குறைகள் எந்தக் கணினி வாங்கினாலும் உடன் வருபவை. கணினிக்கே உரிய குறைகளை இனிக் காண்போம்.

பழைய வானொலிப் பெட்டிக்கு ஏரியல் கட்டினோமே, அதே வேலையை மடிக்கணினியில் சில சென்டிமீட்டர் நீளமுள்ள உலோகத் தகடுகள் செய்கின்றன. பல மாடல்களில் இவை திரையின் ஓரத்தில் இருக்கும். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி வைஃபை அட்டையைச் சேரும். உலோகம் வானொலி அலையைத் தடுப்பதால், உலோக மூடி உள்ள கணினிகளில் அலை புகுவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பட்டையை விடுவார்கள். அந்தச் சாளரம் சரியாக அமையாவிட்டால் அது பிறவிக் குறை. எந்த மென்பொருளும் அதைத் தீர்க்காது.

பெரும்பாலும் ஆண்டெனாக்கள் இரண்டு இருக்கும். ஓர் ஆண்டெனா நலிந்த இடத்தில் அகப்பட்டாலும் மற்றது வலுவான இடத்தில் இருக்கக்கூடும் என்பது இதன் ஒரு பயன். விலை குறைந்த சில மாடல்களில் செலவைக் குறைக்க ஒன்றே வைக்கிறார்கள்.

இதில் படிப்பினை தரும் ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 2015, 2016 ஆண்டுகளில், ரியல்டெக் நிறுவனத்தின் 8723பி.இ. என்ற வைஃபை அட்டை பொருத்திய சில மடிக்கணினிகளில் லினக்ஸ் பயன்படுத்தியோர், ரூட்டரின் அருகிலேயே அலை மிக நலிந்து வருவதாகப் புகார் செய்தனர். அட்டையில் ஆண்டெனாவுக்கு இரண்டு முனைகள்; கணினியில் இருந்ததோ ஒரே ஆண்டெனா. அது ஒரு முனையில் செருகப்பட்டிருக்க, அட்டையில் பதிந்திருந்த குறிப்பு மற்ற முனையைச் சுட்டியது. கம்பியே இல்லாத முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது கணினி! எந்த முனை என்று பயனரே சொல்வதற்கு லினக்ஸில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. ஒரே வரியில் குறை தீர்ந்தது. புகார்களை மட்டும் படித்தவர்கள் வன்பொருளே மோசம் என்று நினைத்திருப்பார்கள்.

மென்பொருளால் வரும் மற்றொரு தொல்லை, மின்சேமிப்பு. ரூட்டர் வினாடிக்குச் சுமார் பத்து முறை "நான் இருக்கிறேன்" என்று அறிவிப்பு அனுப்புகிறது. மின்கலத்தைச் சேமிக்க வைஃபை அட்டை இடையிடையே உறங்கி, அறிவிப்பு நேரத்தில் விழித்துக்கொள்ள வேண்டும். அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளில் பிழை இருந்தால் விழிப்பு தவறி இணைப்பு அறும். டிரைவரைப் புதுப்பித்தாலோ வைஃபையின் மின்சேமிப்பை நிறுத்தினாலோ பெரும்பாலும் இது சரியாகும்.

புகாரை எடை போடுவது எப்படி?

ஒரு மாடல் ஒரு லட்சம் விற்றது என்றும், நூற்றில் ஒருவருக்குக் குறை என்றும் வைத்துக்கொள்வோம். குறை கண்டவர் ஆயிரம் பேர். அவர்களில் நூறு பேர் எழுதினாலே மாடல் முழுவதும் மோசம் என்ற தோற்றம் வந்துவிடும். நன்றாக இயங்கப் பெற்ற 99,000 பேருக்கு அதைச் சொல்ல அவசரம் இல்லை. எனவே எண்ணிக்கையைவிடப் புகாரின் தன்மையைப் பாருங்கள். ரூட்டர் உள்ள அறையிலேயே அறுகிறதா? அதே இடத்தில் கைப்பேசி நன்றாக இயங்குகிறதா? புதிய டிரைவருக்குப் பின்னும் தொடர்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்று பலரும் சொன்னால், அந்த மாடலைத் தவிர்ப்பதே நலம். இந்த விவரங்கள் இல்லாத புகாரை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வாங்குமுன் நான்கு விவரங்களைக் கேளுங்கள். 5 கிகா ஹெர்ட்ஸ் உண்டா? ஆண்டெனா ஒன்றா, இரண்டா? வைஃபை அட்டை கழற்றி மாற்றக்கூடியதா, பற்றவைத்ததா? கம்பி இணைப்புக்கான லேன் துளை இருக்கிறதா? அட்டை மாற்றக்கூடியது என்றால், அதன் குறைக்காகக் கணினியையே ஒதுக்க வேண்டியதில்லை. பற்றவைத்தது என்றாலும், யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய வைஃபை இணைப்பி ஒன்று மடிக்கணினி விலையில் மிகச் சிறு பங்கிலேயே கிடைக்கும். திருப்பித் தரவோ மாற்றித் தரவோ எத்தனை நாள் அவகாசம் என்பதையும் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

வாங்கியபின், அந்த அவகாசத்துக்குள் இதைச் செய்து பாருங்கள். ரூட்டரிலிருந்து மூன்று மீட்டர் தொலைவில், கைப்பேசியையும் கணினியையும் ஒரே பட்டையில் இணைத்து, அருகருகே வைத்து அளவைப் பாருங்கள். இரண்டும் பத்துப் படி வேறுபட்டால் கவலை இல்லை; நாலு விரல் நகர்த்தினாலே அது மாறும். கணினியின் அளவு எங்கே வைத்தாலும் இருபது, முப்பது படி தாழ்ந்தே இருந்தால், ஆண்டெனாக் கம்பி சரியாகப் பொருந்தவில்லை என்று ஐயப்படலாம். அளவு நன்றாக இருந்தும் இணைப்பு அறுந்தால், கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். அங்கே அறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரூட்டரை. அங்கேயும் அறுந்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள். பிறகும் தொடர்ந்தால் தயங்காமல் கணினியைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். "வைஃபை சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த இடத்தில் எந்த அளவு வந்தது, எதை மாற்றியும் தீரவில்லை என்று எழுதிக் கொடுங்கள். அளந்து சொன்ன குறையைக் கடைக்காரர் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.