டிஸ்க் சாகவில்லை சார்!

பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்கைப் புது மெஷினில் மாட்டி, விண்டோஸ் ஏற்றப் பார்க்கிறீர்கள். 'இந்த டிஸ்க்கில் ஏற்ற முடியாது. இதில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது' என்று திரை முரண்டு பிடிக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், "டிஸ்க் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்பார். அவசரப்பட்டு பர்ஸை எடுக்காதீர்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் முதல் பக்கம்தான் பழசு.

கணக்குப் பேரேட்டில், யார் கணக்கு எந்தப் பக்கம் என்று முதலில் ஓர் அட்டவணை இருக்குமே, அதேபோல டிஸ்க்குக்கும் உண்டு. எம்.பி.ஆர். என்பது 1983-ல் டாஸ் 2.0-வோடு வந்த அட்டவணை. முதல் 512 பைட்டுக்குள் குடித்தனம். நாலு பிரதான பிரிவுக்கு மேல் இடமில்லை. சாதாரணமாக 2 டெராபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அடுத்து வந்த ஜி.பி.டி. தாராளம். விண்டோஸில் 128 பிரிவு வரை போடலாம். டிஸ்க்கின் கடைசியில் அட்டவணைக்கு ஒரு நகலும் வைத்திருக்கும்.

யு.இ.எஃப்.ஐ. முறையில் கிளம்பும் மெஷின், விண்டோஸை ஜி.பி.டி. டிஸ்க்கில்தான் ஏற்ற விடும். 2021-ல் வந்த விண்டோஸ் 11 யு.இ.எஃப்.ஐ.தான் வேண்டும் என்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், இந்த முரண்டைப் பலர் பார்க்க வேண்டியிருக்கிறது.

வைத்தியம் ஐந்தே நிமிஷம். அந்தத் திரையிலேயே ஷிஃப்ட்டோடு எஃப்10-ஐ அழுத்தினால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். 'டிஸ்க்பார்ட்' என்று அடியுங்கள். பிறகு 'லிஸ்ட் டிஸ்க்'. வரிசையாக எண்ணும் அளவும் வரும். உங்கள் டிஸ்க் 1 என்றால் 'செலக்ட் டிஸ்க் 1'. அடுத்து 'க்ளீன்'. கடைசியாக 'கன்வர்ட் ஜிபிடி'. வெளியே வந்து, பட்டியலைப் புதுப்பித்து, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் சமர்த்தாக ஏறிக்கொள்ளும்.

ஆனால் அந்த 'க்ளீன்' இருக்கிறதே... ஆபீசில் ஒரு நாள் லீவு கேட்டால்கூட நாலு கேள்வி கேட்கிறார்கள். இது 'நிஜமாவா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. என் நண்பர் ஒருவர் 1-க்குப் பதில் 0 அடித்தார். மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் இருந்த டிஸ்க் அது. நல்லவேளை, அதற்கு மேல் எதையும் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். வெறும் 'க்ளீன்' அட்டவணையைத்தான் கிழிக்கும். ஹார்டு டிஸ்க்கில் மற்ற பக்கங்கள் அப்படியே இருக்கும். மீட்பு சாஃப்ட்வேர் போட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து பெரும்பாலானவற்றை எடுத்தோம். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் இந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க்கை விற்கும்போது வெறும் 'க்ளீன்' போதாது. நாம் மீட்டதை வாங்குபவரும் மீட்கலாம்! 'க்ளீன் ஆல்' போட்டால்தான் கடைசிப் பக்கம் வரை பூஜ்யம் எழுதும். மணிக்கணக்காகும்.

டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் அப்படியே வேண்டுமா? 2017-ல் விண்டோஸ் 10-உடன் வந்த 'எம்பிஆர்2ஜிபிடி' எதையும் அழிக்காமல் மாற்றும். முதலில் 'வேலிடேட்', அது தேறினால் 'கன்வர்ட்'. முடிந்ததும் பயாஸில் யு.இ.எஃப்.ஐ.க்கு மாற்ற மறந்தால் மெஷின் கிளம்பாது.

எந்த வழியானாலும் முதலில் ஒரு காப்பி எடுங்கள். அப்புறம், வேலைக்கு வேண்டாத டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மாட்டாத டிஸ்க்கை எந்தக் கட்டளையாலும் அழிக்க முடியாது!