குப்பையில் பிறந்த இசை

வேண்டாம் என்று நாம் வீசி எறியும் பொருள்களிலும் நாதம் உறைந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள பராகுவே நாட்டின் ஏழைப் பிள்ளைகள் இதை உலகறியச் செய்தனர்.

அந்நாட்டுத் தலைநகரான அசுன்சியோனின் குப்பைகள் கொட்டப்படும் இடம் கத்தேயுரா. அங்கு வாழும் பல குடும்பங்களுக்குக் குப்பை பொறுக்கி விற்பதே பிழைப்பு. சுற்றுச்சூழல் பணிக்காக 2006ஆம் ஆண்டில் அங்கு வந்த ஃபாவியோ சாவேஸ், இசையும் அறிந்தவர். அப்பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் பெருகினர், கருவிகள் போதவில்லை. நல்லதொரு வயலினின் விலையோ அங்குள்ள வீட்டின் விலையை விஞ்சியது. ஏழை வீட்டில் அதை வைத்தால் திருட்டுப் போகும். அல்லது வயிற்றுப்பாட்டுக்காக விற்கப்படும்.

அப்போது கைகொடுத்தவர் நிக்கோலாஸ் கோமெஸ். குப்பை பொறுக்குபவர், தச்சு வேலையும் தெரிந்தவர். அவர் கைபட்டதும் தகரமும் முள்கரண்டியும் பலகைத் துண்டும் வயலின் ஆயின. எண்ணெய்ப் பீப்பாய் செல்லோ ஆனது. வடிகால் குழாயில் பொத்தான்களும் புட்டி மூடிகளும் பொருத்தப்பட்டு சாக்ஸபோன் உருவானது. பழைய எக்ஸ்ரே படம் முரசின் தோலாயிற்று. இக்கருவிகளைச் சந்தையில் விற்க முடியாது. ஆகவே கள்வர் பயமில்லை. பிள்ளைகள் அச்சமின்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று சாதகம் செய்தனர். பின்னர் அவர்கள் பல நாடுகளுக்குச் சென்று வாசித்தனர். அவர்களைப் பற்றிய 'லேண்ட்ஃபில் ஹார்மோனிக்' என்னும் ஆவணப்படம் 2015இல் வெளிவந்தது.

இது எவ்வாறு இயலும்? ஒலி என்பது அதிர்வு. இழுத்துக் கட்டிய தந்தி அதிர்ந்தால் தகரப் பெட்டியும் அதனுள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். குழாயின் நீளமே சுருதியைத் தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் 30 செ.மீ., 15 செ.மீ. நீளமுள்ள இரு துண்டுகளை எடுத்துக் கொள்ளுங்கள். விளிம்பை நன்கு தேய்த்துக் கழுவிய பின், அடிப்பக்கத்தை உள்ளங்கையால் மூடி, மேல்வாயின் குறுக்கே ஊதுங்கள். சிறிய குழாய் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். நம் ஜலதரங்கமும் இத்தகைய எளிமை உடையதே. பீங்கான் கிண்ணத்தில் நீரைக் கூட்டினால் சுருதி இறங்கும், குறைத்தால் ஏறும்.

காலியான பால்மாவு டின்களையும் பிஸ்கட் டின்களையும் கழுவி எடுத்து வையுங்கள். தகரம் வெட்டும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்ய வேண்டும், பிள்ளைகளிடம் விடலாகாது.

ஒன்றை மறவாதீர். கத்தேயுராவில் தகரத்துக்கு என்றுமே பஞ்சமில்லை. ஓர் ஆசிரியரும் ஒரு தச்சரும் தங்கள் நேரத்தைத் தந்த பிறகே அங்கு இசை பிறந்தது. கருவி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் நம்மிடையேயும் உண்டு. பொருள் தந்து உதவும் நல்லுள்ளங்கள், வாரத்தில் ஒரு மணி நேரத்தையும் அவர்களுக்காகத் தந்தால் அதுவும் பெரும் தருமமே.