அரசாங்க மானியமும் தோட்டத்துப் பள்ளியும்

கூரை ஒழுகுகின்றது, கழிவறை போதவில்லை, பாலர் வகுப்புக்கு அறை இல்லை என்று குறைகள் எழும்போதெல்லாம், “அரசாங்கத்திடம் கேட்டால் தரமாட்டார்களா?” எனப் பெற்றோர்கள் வினவுவது இயல்பே. கேட்டால் கிடைப்பதுண்டு. ஆயினும், எதனை, எவ்வாண்டில், எந்த இலாகாவிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அது கைகூடுகின்றது.

முதலில் பள்ளியின் நிலையை அறிதல் வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆகவே, பல பள்ளிகள் கம்பெனி நிலத்தில் எழுந்தன. 1957க்குப் பின் அவை அரசாங்க உதவி பெறும் தேசிய மாதிரிப் பள்ளிகள் ஆயின. நிலமோ பல இடங்களில் கம்பெனி வசமே நின்றது. இதனால், அரசாங்க நிலத்திலுள்ள பள்ளிகள் முழு உதவியும், தனியார் நிலத்திலுள்ளவை பகுதி உதவியும் பெறலாயின. பகுதி உதவிப் பள்ளிக்கும் ஆசிரியர் சம்பளமும், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற மானியமும் வருகின்றன. கட்டடச் சுமை மட்டும் பள்ளி மேலாளர் வாரியத்தின் தோளில் ஏறிவிடுகின்றது.

அச்சுமையை இறக்கச் சிறப்பு மானியம் வேண்டும். அதுவோ ஆண்டுக்காண்டு மாறுவது. 2012ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளின் கட்டடப் பணிக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திட்டத்தில் அத்தொகை 5 கோடி வெள்ளி. இந்திய சமூகத்துக்கென 2014இல் பிரதமர் துறையில் அமைந்த செடிக் என்னும் பிரிவு, 2018இல் மித்ரா எனப் பெயர் மாறியது. பின்னர் அதன் அமைச்சும் மாறியது. பழைய கடிதத்தில் தேதியை மட்டும் திருத்தி அனுப்பும் வாரியங்கள் இன்றும் உண்டு. இல்லாத பிரிவுக்கு எழுதிவிட்டுப் பதில் வரவில்லையே என வருந்திப் பயன் என்ன?

வழக்கமாக அக்டோபரில் வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும்போது, எவ்வேலைக்கு எவ்வமைச்சின் வழியாகப் பணம் வருகின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டில் பள்ளிக் கழிவறைகளைச் செப்பனிடும் வேலையை அரசாங்கம் நாடெங்கும் முன்னிறுத்தியது. மண்டபம், கழிவறை இரண்டும் தேவைப்பட்ட பள்ளி, அவ்வாண்டில் கழிவறையை முன்னே வைத்து, மண்டபத்தை அடுத்த வாய்ப்புக்கு நிறுத்துவதே பொருத்தம். அறிவிப்பு வந்தபின் ஓடினால் காலம் போதாது. நில உரிமைப் பத்திரமோ கம்பெனியின் அனுமதிக் கடிதமோ, கட்டட வரைபடம், பழுதுகளின் படங்கள், குத்தகையாளரின் செலவு மதிப்பீடு, ஐந்தாண்டு மாணவர் எண்ணிக்கை ஆகியவை முன்னரே ஒரு கோப்பில் இருத்தல் வேண்டும்.

இவற்றுள் கடினமானது நிலப்பத்திரமே. பிறர் நிலத்தில் பெருங்கட்டடம் எழுப்ப அரசாங்கம் தயங்கும். தோட்டம் கைமாறினால் புதிய முதலாளியிடம் அனுமதியை மீண்டும் கேட்க நேரிடலாம். பள்ளி நிலத்தைப் பிரித்து எழுதித் தருமாறு கம்பெனியிடம் முயல்வதை எம்மானியத்திற்கும் முந்திய வேலையாகக் கருதுகிறோம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கணினிக்குப் பணம் வருகின்றது என்பதற்காக, ஒழுகும் கூரையின் கீழ்க் கணினி அறை கேட்பது பேதைமை. இரண்டே மழையில் பொருள் பாழாகும். கூரையும் அப்படியே இருக்கும். பள்ளிக்கு உண்மையில் வேண்டியவற்றுள் எது அரசாங்க நோக்கோடு பொருந்துகின்றதோ, அதனையே தேர்ந்து கேட்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளத் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று சுமார் 530 மட்டுமே. மாணவர் 150 அல்லது அதற்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. 30 அல்லது அதற்குக் குறைந்தால் வெவ்வேறு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர நேரும். பிள்ளைகள் குறைந்தால் தலைக்கணக்கில் வரும் மானியமும் குறையும். புதிய கட்டடம் கேட்கும் கடிதத்தின் வலிமையும் குன்றும். ஆகவே, லயத்தில் ஏழு வயதை எட்டவிருக்கும் பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம். அப்பட்டியலும் மானியக் கோப்பில் சேரவேண்டிய தாளே.

மானியம் வந்தபின் பற்றுச்சீட்டுகளையும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் வாரியத்தின் செயலாளர் சேர்த்து வைத்து, தவணை தவறாமல் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அடுத்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி முந்திய கணக்கைக் கேட்டால், அதே நாளில் எடுத்துக் காட்ட அக்கோப்பு பள்ளி அலுவலகத்திலேயே இருக்கட்டும்.